இதில் வயலின் வருமா?

ஏழு நிமிடம் ஓடி முடிந்தது. ஸ்பூலிலிருந்து கழன்ற டேப்பின் நுனி படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றியது. எழுந்துபோய் அதை நிறுத்தத் தோன்றாமல், எதிரே உட்கார்ந்திருந்த மாஸ்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை. நான் வேலை பார்த்த பெண்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடம். மேஜை மேல் நானே செய்த பாட்டுப் பெட்டி, அதன் பக்கத்தில் இரண்டு டேப் ரிக்கார்டர்கள். முந்தின நாள் ஒயர்களை ஈயத்தால் பற்றவைத்து சால்டர் வைத்த குங்கிலிய வாசம் இன்னும் அறையில் இருந்தது.

மாஸ்டர் எழுந்தார். பழைய லாரி வாங்க வந்தவரைப் போலப் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு திருகைத் தொட்டுப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க டீச்சர், இதுல வயலின் வருமுங்களா?"

இரண்டு வருடம். உலகத்தில் எந்த வாத்தியத்திலும் இல்லாத சத்தங்களை ஒவ்வொன்றாகச் செய்து, அடுக்கி, அழித்து, மறுபடி அடுக்கி ஒரு பாட்டு கட்டியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் கேட்ட கேள்வி இதுதான்.

சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழு நடத்தியவர் அவர்; பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்தார். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி அறையில் ஒத்திகை நடக்கும். பெயரை எழுதப்போவதில்லை. பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அவர்கள் காதாவது நன்றாக இருக்கட்டும்.

போன வாரம் இந்தத் தொடரில் கல்லூரி ஆண்டு விழாக்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஈரோட்டு வாசகி ஒருவர் 'இந்த வயதில் இவ்வளவு கசப்பு ஆகாது' என்று எழுதியிருக்கிறார். நன்றி. பாகற்காயைக் கசக்காமல் சமைக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் நான் சாப்பிடுவதில்லை.

ஊளை

உங்களுக்கு இசையில் ஆர்வம் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் கோயில், நாதஸ்வரம், தாலாட்டு என்று ஏதாவது பதில் வரும் என்று காத்திருப்பார்கள். எனக்கு வந்தது ரேடியோவின் ஊளையிலிருந்து.

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. சிற்றலையில் ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொன்றுக்கு முள்ளை நகர்த்தும்போது நடுவில் ஒரு ஊளை வரும். கீழிருந்து மேலே ஏறும், ஒரு இடத்தில் காணாமல் போகும், மறுபடி இறங்கும். நான் அங்கேயே முள்ளை நிறுத்திவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"ஸ்டேசனப் புடி அம்மிணி! ஏன் ஊளையிலயே நிக்கற?" என்று சித்தப்பா களத்திலிருந்து கத்துவார்.

ஸ்டேஷனில் இருந்ததெல்லாம் மற்றவர்கள் சத்தம். ஊளை மட்டும்தான் என் கைக்குக் கட்டுப்பட்டது. அதைச் சித்தப்பாவுக்கு விளக்க முடியவில்லை. பிற்பாடு இசை தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களுக்கும் விளக்க முடியவில்லை. சித்தப்பாவாவது உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அந்த வேலையும் இல்லை.

லாரிப் பலகை

இயற்பியல் படித்து, அதே கல்லூரியில் ஆய்வுக்கூட ஆசிரியையாகச் சேர்ந்த பிறகு, ஒரு வெளிநாட்டு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையின் கிழிந்த பக்கங்கள் கையில் கிடைத்தன. சிந்தசைசர் என்ற சொல்லை முதலில் அங்கேதான் பார்த்தேன். பாதிப் படம்தான் இருந்தது. மீதியை நானே போட்டுக்கொண்டேன்.

விஷயம் எளிது. மின்சாரத்தை வேகமாக ஏறி இறங்க வைத்தால் சத்தம் வரும். எத்தனை வேகம் என்பது சுருதி. அந்தச் சத்தம் முதலில் மொட்டையாகத்தான் இருக்கும். அதில் வேண்டாததைச் சீவித் தள்ள ஒரு பகுதி. சத்தம் எப்படிப் பிறக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படிச் சாக வேண்டும் என்று சொல்ல இன்னொரு பகுதி. ஒரு டிரான்சிஸ்டரைத் தலைகீழாக இணைத்தால் 'சோ' என்று ஓர் இரைச்சல் கிடைக்கும். அது எனக்குக் கிடைத்த அன்று நான் மதியம் சாப்பிடவில்லை.

பலகைப் பெட்டி நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் செய்தது. அளவு சொன்னதும் அங்கிருந்த ஆசாரி, "இது எந்த வண்டிக்குங்க?" என்று கேட்டார். பாட்டுப் பெட்டி என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் நாலு மூலைக்கும் இரும்புப் பட்டை அடித்துக் கொடுத்தார். அந்த வட்டாரத்தில் என் வேலையை அதிகமாக மதித்தவர் அவர்தான்.

உடைந்த ஆர்மோனியத்தின் கட்டைகளைப் பிடுங்கி அடியில் கம்பி வைத்தேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் வரும். இரண்டு சத்தம் சேர்ந்து வேண்டுமென்றால் ஒன்றை டேப்பில் பதிந்து, அதை ஓடவிட்டு, மேலே இன்னொன்றைச் சேர்த்து இரண்டாவது ரிக்கார்டரில் பதிய வேண்டும். பிறகு அதை மறுபடி முதலாவதில். ஒவ்வொரு தடவையும் டேப்பின் இரைச்சல் கூடும். அதையும் பாட்டில் ஓரிடம் பார்த்து உட்கார வைத்தேன்.

பெட்டிக்கு ஒரு வியாதி உண்டு. சூடு ஒத்துக்கொள்ளாது. வெயில் ஏற ஏறச் சுருதி மெல்ல இறங்கும். அதைப் பிடித்து நிறுத்த இடது பக்கம் ஒரு திருகு வைத்திருந்தேன். வலது கை கட்டையில், இடது கை எப்போதும் அந்தத் திருகில்.

இப்படிச் செய்ததுதான் அந்த ஏழு நிமிடம். கேட்ட சக ஆசிரியைகள், "இது மழையா? ரயிலா?" என்று கேட்டார்கள். மழை வேண்டுமென்றால் நான் வாசலில் போய் நின்றிருப்பேன்.

மூன்று சனிக்கிழமை

மாஸ்டரின் கேள்விக்கு வருகிறேன். நியாயமாக நான் அவரை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அவர் வாசல்வரை போய்த் திரும்பிச் சொன்னார்:

"பரவால்லீங்க டீச்சர். உங்களால ஆகாதுன்னா உடுங்க."

ஆகாதா? எனக்கா? மூன்று வாரத்தில் செய்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருடைய முட்டாள்தனத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவள், என்னுடையதையும் எழுத வேண்டும். அவருக்குக் காது இல்லை. எனக்குக் கர்வம் இருந்தது. இரண்டில் எது மோசம் என்று போகப் போகத் தெரிந்தது.

வயலின் செய்ய ஒரு வயலினைப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். மாஸ்டரே தன் குழுவின் வயலின்காரர் ஆரோக்கியத்தை அனுப்பினார். என் வயதுதான் இருக்கும். மெலிந்த, சிடுசிடுத்த ஆள். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் வாசிப்பார், மற்ற நாளில் கல்யாண வீடுகளில். இரண்டு இடத்திலும் யாரும் கேட்பதில்லை என்பார்.

மூன்று சனிக்கிழமை வந்தார். அவர் வில்லை இழுக்க, சத்தத்தைக் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப் திரையில் பச்சைக் கோடு ரம்பத்தின் பல் மாதிரி ஏறி ஏறி விழுந்தது. வில் நரம்பைப் பற்றுகிறது, நழுவவிடுகிறது, மறுபடி பற்றுகிறது. அதை அப்படியே பார்த்துப் பெட்டியில் செய்தேன். அவர் நரம்பின் மேல் விரலை நடுக்கும் வேகத்தைக்கூட எண்ணிக்கொண்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை, அவர் கேட்காமலே என் ஏழு நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடாமல், தலையை ஆட்டாமல், சுவரைப் பார்த்தபடி முழுக்கக் கேட்டார்.

"மழையா ரயிலான்னு கேட்கலியா?" என்றேன்.

"எதுக்குங்க? அதுதான் அதுவாவே இருக்கே." வில்லைத் தளர்த்திக்கொண்டே, "நடுவுல ஒரு இடத்துல நீங்க பயந்துட்டீங்க" என்றார்.

"எங்கே?"

"ஒரு மெட்டு வருதே, நாலு வரி. யாருக்காவது பிடிக்கணுமேன்னு போட்டிருக்கீங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்று அவருக்கு டீகூட வாங்கித் தரவில்லை. திங்கட்கிழமை அந்த இடத்தை வெட்டி எடுத்தேன். பாட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

மூன்றாவது சனிக்கிழமை பெட்டி வயலின் வாசித்தது. அசல் இல்லை. ஆனால் மைக் வழியாக, தபேலா சத்தத்துக்கு நடுவே, தெரியாது. ஆரோக்கியம் கேட்டுவிட்டு வயலினை அதன் உறையில் வைத்து மூடினார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். அவர் குரலில் இருந்தது எனக்கு அப்போது கேட்கவில்லை. சத்தங்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவளுக்கு அது கேட்கவில்லை.

பந்தி

சித்திரை மாதம். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்த ஒருவர் வீட்டுக் கல்யாணம். வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு அந்த இடத்தில் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடும் நேரத்தில் கச்சேரி. பகல் பன்னிரண்டு மணி, தகரத்துக்குக் கீழே. இலையில் ரசம் வந்ததா என்று பார்க்கிறவர்களுக்கு முன்னால் இசை.

பெட்டியை மேடையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். வயலின் நாற்காலி இல்லை.

"ஆரோக்கியம் வரலீங்களா?" என்றேன்.

"அவரெதுக்குங்க இனி?" என்றார் மாஸ்டர். "அதான் நீங்க கொண்டாந்துட்டீங்கல்ல. வேண்டாம்னு போன வாரமே சொல்லி உட்டுட்டனுங்க."

அங்கேயே ஒயரைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் இந்த அத்தியாயம் இங்கே முடிந்திருக்கும். நான் கிளம்பவில்லை. என் பெட்டி மேடையில் வாசிப்பதை ஒரு தடவை கேட்க ஆசைப்பட்டேன்.

முதல் பாட்டில் 'வயலின்' வந்ததும் முன்வரிசையில் கை தட்டினார்கள். மாஸ்டர் என்னைக் கையால் காட்டினார். "மிசினுங்க! பூரா மிசினு!" என்று மைக்கில் சொன்னார். மறுபடி கைதட்டல். என் முதுகில் வியர்வை ஓடியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இடது கையால் சுருதியைப் பிடித்தபடி வாசித்தேன்.

மூன்றாவது பாட்டு சுமதியுடையது. வாழப்பாடியிலிருந்து வரும் பெண். குழுவில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அவள் ஒரு வரி பாட வேண்டும், வயலின் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதல் சரணம் முடிந்தபோது பந்தியைப் பார்த்தேன். ஒருவர் பாயசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். ஆரோக்கியத்தை வேண்டாமென்ற மாஸ்டர் என் பெட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். இவர்களுக்கு எது வயலின், எது தகர டப்பா என்று என்ன தெரியும் என்று தோன்றியது. தெரியட்டுமே.

திருகிலிருந்து கையை எடுத்தேன்.

சுருதி இறங்க ஆரம்பித்தது. முதலில் மயிரிழை. பிறகு இன்னும் கொஞ்சம். சுமதி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரு வரியில் பெட்டியோடு சேர்ந்து இறங்கிப் பார்த்தாள். அடுத்த வரியில் மேலே ஏறினாள். உள்ளங்கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். அப்படியே நின்று பாடினாள். பெட்டி அவளை விட்டுக் கீழே போய்க்கொண்டே இருந்தது. பாட்டு முடிகிறபோது கிட்டத்தட்ட அரைச் சுரம்.

யாரும் மேடையை நோக்கிக் கல் எறியவில்லை. பாயசம் வந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகச் சொன்னார்: "புள்ளைக்குச் சுதி சேரலீங்க. மிசின் பாருங்க, எப்படி நிக்குது!"

ரிக் வண்டிக்குப் பின்னால்

கச்சேரி முடிந்ததும் ரிக் வண்டிக்குப் பின்னால் மாஸ்டர் சுமதியைப் பிடித்துக்கொண்டார்.

"மிசின் கூடச் சேர்ந்து பாடத் தெரியிலீன்னா எதுக்கு வாரே? என்ற மானமே போச்சு. நாளையிலிருந்து வர வேண்டாம்."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தேம்பினாள்.

நான் நடுவில் போய் நின்றேன். "தப்பு அவ மேல இல்லைங்க. பெட்டி இறங்கிடுச்சு. நாந்தான் கையை எடுத்துட்டேன்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் முகம் இளகியது. அந்த இளக்கத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"பெரிய மனசுங்க டீச்சர் உங்களுக்கு. புள்ளைக்காக இப்படிச் சொல்றீங்க. மிசின் எப்படிங்க தப்புப் பண்ணும்?"

எவ்வளவோ சொன்னேன். டிரான்சிஸ்டர், சூடு, திருகு. அவர் தலையை ஆட்டிக்கொண்டே என்னைச் சாப்பிட அழைத்தார். நான் சொன்ன உண்மையை அவர் நற்குணம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். முட்டாள்தனத்தோடு மோதலாம். மரியாதையான முட்டாள்தனத்தோடு மோத முடியாது. சுமதி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சேலத்தில் ஆரோக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைத்துப் பயனில்லை.

"என்னைய வர வேண்டாம்னது மாஸ்டர். அது அவரு குழு" என்றார். "எனக்காகப் பழி வாங்கச் சொல்லி நான் உங்களைக் கேட்டேனா?"

"இல்லைங்க."

"சரி, வாங்கினதுதான் வாங்கினீங்க. யார்கிட்ட வாங்கினீங்க? வாழப்பாடியிலிருந்து பஸ் மாறி வர்ற புள்ளகிட்ட. மாஸ்டர் கல்யாணச் சோறு சாப்பிட்டுட்டுத்தானே போனாரு?"

நான் எழுந்தேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"மூணு சனிக்கிழமை என் கையை உங்களுக்குக் காட்டினேன். அப்பவே தெரியும் எதுக்குன்னு. ஆனா நீங்க கேட்கிற ஆளுன்னு நெனச்சேன்."

கேசட்

மாஸ்டருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடமே யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கீபோர்டு ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் வயலின். வெயிலில் இறங்காது. அதன் பிறகு அவருக்கு நானும் வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் நன்றாகவே இருப்பார்கள். ஆத்தூர்ப் பக்கம் ஒரு குழுவில் ஆரோக்கியம் சேர்ந்தார் என்றும், சுமதியையும் அங்கே கூட்டிப்போனார் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். என்னை யாரும் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை.

அதற்கெல்லாம் முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். மைக் செட்காரர் அந்தக் கல்யாணக் கச்சேரியைக் கேசட்டில் பதிந்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு, கல்லூரிக்கு ஒரு சனிக்கிழமை வரச் சொல்லிச் சுமதிக்கு அஞ்சலட்டை எழுதினேன்.

வந்தாள். அம்மாவைப் பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு, ஒரு துணிப்பையோடு தனியாக வந்தாள். ஆய்வுக்கூட ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள்.

கேசட்டைப் போட்டேன். முதல் சரணத்தில் அவள் நீட்டி நிற்கிற இடம் வந்ததும், அவள் சுருதிக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற இசைக்கவை ஒன்றைத் தட்டி மேஜையில் ஊன்றினேன். டேப் மோட்டாரின் வேகத்தை ஸ்க்ரூ டிரைவரால் சற்றே திருகி, குரலையும் கவையையும் ஒன்றாகச் சேர்த்தேன். அதன் பிறகு எதையும் தொடவில்லை. கவையை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது சரணம். அதே இடத்தில் அவள் குரல் கவையோடு அப்படியே ஒட்டி நின்றது. பெட்டி வந்தபோது மட்டும் 'வோவ்... வோவ்...' என்று காற்று அசைந்தது.

"அது என்ன டீச்சர், அப்படிக் கேட்குது?"

"ரெண்டு சத்தம் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தும் சேராம இருந்தா அப்படிக் கேட்கும். பாடப் புத்தகத்துல அதுக்கு விம்மல்னு பேரு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "விம்முறது யாரு? நானா, பெட்டியா?"

"நீ இல்லை. பெட்டிதான்."

கடைசிச் சரணம். பெட்டியோடு விம்மல் வேகமாகிக் கரகரப்பாகிவிட்டது. அவள் குரல் வந்தது. கவையைத் தட்டினேன். அசைவே இல்லை. தொடங்கிய இடத்திலேயே நின்றிருந்தாள்.

"வெயிலாலயா டீச்சர்?"

"வெயிலால. அதைச் சரி பண்ண ஒரு திருகு இருக்கு. நான் கையை எடுத்துட்டேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சே."

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றாள். போட்டேன். மூன்று தடவை கேட்டாள். அவள் குரல் தனியாக நிற்கிற இடத்தில், மூன்று தடவையும், அவள் முகவாய் கொஞ்சம் உயர்ந்தது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் இரண்டு வருடம் சத்தம் சத்தமாகச் செய்து அடுக்கியதில் இல்லாத ஒன்று அந்தப் பாழாய்ப்போன கேசட்டில் இருந்தது. ஒரு குரல் அசையாமல் நிற்கிறது, அதைத் தாங்க வேண்டியது அதை விட்டு நழுவிக்கொண்டே போகிறது. அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று அந்த நிமிடமே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. என்ன பிறவி நான்.

சுமதி ரிக்கார்டரைத் தானே திறந்து கேசட்டை எடுத்தாள். "இதை நான் எடுத்துக்கிறேன்."

"ஒரு காப்பி மட்டும் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். கேட்டேவிட்டேன்.

"வேண்டாம் டீச்சர்."

கேசட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அம்மா காத்திருப்பாள் என்று கிளம்பினாள். நான் இசைக்கவையைத் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை இரண்டாமாண்டு மாணவிகளுக்கு விம்மல் பாடம் இருந்தது. நடத்தினேன்.